சயாமா, கெமரா? பினாங்குக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் கம்போடியப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், தாய்லாந்துக்காரர்கள் இரண்டு மூன்று பேர்தான். 2025 ஜூலை வரைக்கும் கேண்டீனில் எல்லாருக்கும் ஒரே மேசை. அந்த மாதம் 24-ஆம் தேதி தாய்லாந்து-கம்போடியா எல்லையில் குண்டு விழ ஆரம்பித்ததும் மேசை இரண்டாகிவிட்டது. சமாதானப்படுத்தலாம் என்று நான் போய், "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுதானே, கோயிலும் ஒரே மாதிரி, சாப்பாடும் ஒரே மாதிரி, எதுக்கு இந்தச் சண்டை?" என்று மலாயில் கேட்டேன். இரண்டு பக்கமும் முகம் சுருங்கிப்போனது. ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நான் சொன்னது தப்பு என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. "ஒண்ணுதானே" என்பது தப்பு, "கோயிலையும் கலையையும் யார் யாரிடமிருந்து திருடினார்கள்" என்று கேட்பது அதைவிடத் தப்பு. அதற்குப் பிறகு படித்தும், கேட்டும், ரயில் ஏறிப் போய்ப் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பக்கத்து நாடுகள், நம்மோடு வேலை செய்கிற மனிதர்கள். தெரிந்துகொள்ள வேண்டியது நம் கடமை என்றே நினைக்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, நம் கையில் இருப்பதைக் கீழே வைப்பது. "அங்கோர் வாட்டைக் கட்டியது தமிழ் மன்னன் சூரியவர்மன்" என்ற வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். என் சித்தப்பாவே எனக்கு நான்கு தடவை அனுப்பியிருக்கிறார். 1113-இல் அரியணை ஏறிய இரண்டாம் சூரியவர்மன் கெமர் மன்னன், கெமர் என்றால் கம்போடியாவின் பெரும்பான்மை இனம், அவர்கள் மொழிக்கும் அதே பெயர். வர்மன் என்ற பெயர் பல்லவர்களுக்கும் உண்டு என்பதால் அவன் தமிழனாகிவிட மாட்டான். அங்கோர் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமர் மொழியிலும்தான் இருக்கின்றன. பல்லவ எழுத்திலிருந்துதான் கெமர் எழுத்து வளர்ந்தது என்பது உண்மை, அது நாம் சந்தோஷப்படக்கூடிய விஷயம். தாய்லாந்தின் தக்குவா பாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்து வணிகர்களையும் சொல்கிறது. அதுவும் உண்மை. வியாபாரிகள் வந்தார்கள், எழுத்து வந்தது, சிவனும் திருமாலும் வந்தார்கள். ஆனால் கல்லை அறுத்து, சுமந்து, ஏற்றி, செதுக்கியவர்கள் அந்த மண்ணின் மக்கள். ஏற்கெனவே இரண்டு பேர் உரிமை கொண்டாடி அடித்துக்கொள்கிற இடத்தில் மூன்றாவது ஆளாக நாம் போய் நின்றால், எதிரில் இருப்பவர் அதன் பிறகு மனம் விட்டு ஒரு வார்த்தை பேச மாட்டார்.

அடுத்தது காது. தாய் மொழியும் கெமர் மொழியும் ஒரு குடும்பமே இல்லை. தமிழுக்கும் இந்திக்கும் உள்ளது போன்ற தூரம். தாய் மொழி கிரா-தாய் குடும்பம், தெற்குச் சீனாப் பக்கத்திலிருந்து மெல்ல இறங்கி வந்தது, தொனி மாறினால் பொருளே மாறிவிடும். கெமர் ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம், அதில் தொனி கிடையாது. அந்தக் குடும்பத்துச் சொந்தக்காரர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள்: கேமரன் மலைப் பக்கம் நாம் பார்க்கும் செமாய், தெமியார் ஓராங் அஸ்லி மக்களின் மொழிகள். எனக்கு இது தெரிந்த நாளில் வரைபடமே மாறிப்போன மாதிரி இருந்தது.

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. தெரிந்த தாய்லாந்துக்காரர் ஒருவரையும் கம்போடியர் ஒருவரையும் முப்பது வரை எண்ணச் சொல்லுங்கள். தாயில் நுங், சோங், சாம், சீ, ஹா என்று போகும். கெமரில் மோய், பீ, பெய், புவன், ப்ரம், அப்புறம் ஆறுக்கு "ப்ரம்-மோய்", அதாவது ஐந்தும் ஒன்றும். ஒட்டுறவே இல்லை அல்லவா? ஆனால் முப்பதுக்கு வந்ததும் தாய்லாந்துக்காரர் "சாம் சிப்" என்பார், கம்போடியர் "சாம்சப்" என்பார். முப்பதிலிருந்து தொண்ணூறு வரை கெமர் மொழி தாய் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டது. கோலாலம்பூரில் கான்டோனீஸ் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் உறைக்கும், அவர்களும் "சாம் சாப்" என்றுதான் சொல்கிறார்கள், ஏனென்றால் தாய் எண்களே பழைய சீனத்திலிருந்து வந்தவை. இப்போது மறுபக்கம் பாருங்கள். தாய் மொழியில் தெருவுக்கு "தனோன்", பாலத்துக்கு "சபான்", போலீசுக்கு "தம்ருவாட்", நடப்பதற்கு "டேன்". எல்லாம் கெமரிலிருந்து போனவை. தாய்லாந்து அரச குடும்பத்தைப் பற்றிப் பேச "ராச்சாசப்" என்று ஒரு தனிச் சொல்வழக்கு உண்டு, அதில் பாதி கெமர், பாதி பாலியும் சமஸ்கிருதமும். கம்போடியத் தோழி ஒருத்தி சொன்னாள், அவள் வீட்டில் சாதாரணமாகப் புழங்குகிற சில சொற்கள் தாய்லாந்துத் தொலைக்காட்சியில் ராஜாவுக்கு மட்டும் வருகின்றன என்று. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும்.

காதுக்குப் பிறகு கண். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூலாவ் தீக்குஸில் லோரோங் பர்மாவுக்குப் போங்கள். வாட் சாயமங்கலாராம், 1845-இல் தொடங்கிய சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) கோயில், உள்ளே 33 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் படுத்திருக்கிறார். எங்கள் வீட்டில் இன்னும் "படுத்த புத்தர் கோயில்" என்றுதான் சொல்வோம். எல்லாரும் புத்தரைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் வாசலில் நில்லுங்கள். படியோரம் உடம்பை நீட்டித் தலை தூக்கியிருக்கும் நாகங்களைப் பாருங்கள், ஆயுதம் பிடித்து நிற்கும் யட்சர்களைப் பாருங்கள், கூரை ஓரத்தில் தீச்சுடர் மாதிரி மேலே வளையும் வேலைப்பாட்டைப் பாருங்கள். பிறகு சாலையைக் கடந்து எதிரில் உள்ள பர்மியக் கோயிலுக்குள் போங்கள். அதுவும் தேரவாத பௌத்தம்தான், ஆனால் கூரை வேறு, புத்தரின் முகம் வேறு. இந்த இரண்டையும் பார்த்த கண்ணோடு அங்கோரின் படங்களைப் பார்த்தால், பாலத்தின் இரு பக்கமும் நாகத்தின் உடலையே கைப்பிடிச் சுவராக வைத்திருப்பது, வாசலில் காவலர்கள் நிற்பது எல்லாம் சயாம் கோயிலோடு எங்கே ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது என்று தானாகத் தெரியும்.

அப்படியே லிட்டில் இந்தியாவுக்கு வந்து, காசு மாற்றும் பாய் கடையில் ஒரு பாட் நோட்டும், கிடைத்தால் ஒரு கம்போடிய ரியல் நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து அவர்கள் எழுத்தில் உள்ள எண்களை மட்டும் பாருங்கள். கிட்டத்தட்ட அச்சு அசல் ஒன்று. மொழி வேறு, எழுத்தின் வேர் ஒன்று: பல்லவ எழுத்திலிருந்து கெமர், கெமரிலிருந்து தாய். பழைய கெமர் எழுத்தைத் தாய்லாந்தில் "கோம்" என்பார்கள், பாலி மந்திரங்களையும் முதுகில் குத்தும் யந்திரப் பச்சையையும் இன்றும் அதில்தான் எழுதுகிறார்கள். இந்த "கோம்" என்ற சொல் விஷயத்தில் கவனமாக இருங்கள். கோம் வேறு இனம், கெமர் வேறு இனம் என்று தாய்லாந்தில் சிலர் சொல்வதுண்டு, அதைக் கேட்டால் கம்போடியர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கோயில்களைக் கட்டியவர்கள் பேசியது பழைய கெமர் என்பதற்குக் கல்வெட்டுகளே சாட்சி.

ஆண்டுகளை நிறைய மனப்பாடம் செய்ய வேண்டாம். 802-இல் கெமர் மன்னன் இரண்டாம் ஜெயவர்மன் குலேன் மலையில் முடிசூடியது, 12-ஆம் நூற்றாண்டில் அங்கோர் வாட், 1351-இல் சயாமின் தலைநகராக அயுத்தியா உருவானது, 1431-இல் அயுத்தியா கெமர் தலைநகர் அங்கோரைப் பிடித்தது, 1907-இல் பிரெஞ்சுக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டு சயாம் பட்டாம்பாங்கையும் அங்கோர் இருக்கும் சியம் ரீப்பையும் விட்டுக்கொடுத்தது. இது போதும். 1431-க்குப் பிறகு நடந்ததுதான் சிக்கலின் மூலம். அங்கோரைத் தோற்கடித்தவர்கள் அங்கோரின் அரண்மனைப் பேச்சையும், ராஜாவைத் தெய்வமாக வைக்கும் வழக்கத்தையும், சடங்குகளையும் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். பின்னால் சயாம் பலமாகி கெமர் ராஜ்யம் நலிந்துபோனபோது, கெமர் இளவரசர்கள் பாங்காக்கில் வளர்ந்து ஊர் திரும்பினார்கள். 1848-இல் பட்டம் கட்டிய ஆங் துவோங் அப்படிப்பட்டவர்தான். ஆக, போனதும் வந்ததும் ஒரு தடவை இல்லை, பல தடவை. நடனமோ, உடையோ, சமையலோ, இன்று ஒன்றைக் காட்டி இது யாருடையது என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. எந்த நூற்றாண்டில், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் என்று கேட்டால் பதில் உண்டு.

எல்லைக்கோடு எவ்வளவு புதியது என்பதற்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். ஜெயவர்மன் முடிசூடிய கதையைச் சொல்லும் முக்கியமான கல்வெட்டு, 1052 வாக்கில் வெட்டியது, ஸ்டோக் கோக் தோம் கோயிலில் இருந்தது. அந்தக் கோயில் இன்றைக்குத் தாய்லாந்தின் சா கேவ் மாநிலத்தில் இருக்கிறது. இதற்கு நேர் எதிராக, அங்கோர் வாட்டின் தெற்குச் சுவரில் சூரியவர்மனின் படை அணிவகுத்துப் போகும் சிற்பத்தில் ஒரு கூட்டத்துக்குப் பக்கத்தில் "சியாம்" என்று பெயர் வெட்டியிருக்கிறது. சயாமியரைக் காட்டும் மிகப் பழைய சிற்பம் என்று பலரும் சொல்வது இதைத்தான், அது இருப்பது கம்போடியாவில். நமக்கு இது புதிதில்லை. 1909 ஒப்பந்தம் வரைக்கும் கெடாவும் பெர்லிசும் கிளந்தானும் திரங்கானுவும் சயாமின் மேலாண்மையில்தானே இருந்தன? கெடாவில் இன்றும் தாய் பேசுகிற சயாமிய கிராமங்கள் இருக்கின்றன, அவர்கள் மலேசியர்கள்.

அதே மாதிரி தாய்லாந்தில் சுரின், புரிராம், சிசாகெட் மாநிலங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டில் கெமர் பேசுகிறார்கள். பூலாவ் தீக்குஸில் நான் வழக்கமாகச் சாப்பிடும் தாய் சாப்பாட்டுக் கடை அக்கா சுரின்காரர். வாடிக்கையாளர்களிடம் மலாய், தங்கையிடம் தாய், ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டால் கெமர். "அக்கா, நீங்க தாயா, கெமரா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் தாய்லாந்துக்காரி, எங்க பாட்டி பேசினது கெமர்" என்றார். பிறகு சாதத்தை அள்ளிக்கொண்டே, "சண்டை நடந்தப்போ எங்க ஊர்லயும் குண்டு விழுந்தது" என்றும் சொன்னார். இந்த மாதிரி மனிதரிடம் "இதுவா, அதுவா" என்று கேட்கவே கூடாது. "உங்க வீட்ல என்ன பேசுவீங்க, உங்க ஊர்ல இதை என்னன்னு சொல்வாங்க?" என்று கேளுங்கள். கதை தானாக வரும்.

நேரில் போய்ப் பார்க்க நினைத்தால், கம்போடியாவுக்கு முன்னால் தாய்லாந்தின் வடகிழக்குக்குப் போங்கள் என்பேன். பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி பாடாங் பெசார், ஹாட்யாய், பாங்காக். அங்கிருந்து வடகிழக்கு ரயிலில் கோராட், புரிராம், சுரின். கோராட் பக்கத்தில் பிமாய் கோயில். அங்கோரிலிருந்து அதுவரை அந்தக் காலத்திலேயே சாலை போட்டிருந்தார்கள். புரிராமுக்குத் தெற்கே அணைந்துபோன எரிமலை ஒன்றின் உச்சியில் பனோம் ருங் சிவன் கோயில். ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் உதிக்கும்போது வெளிச்சம் 15 வாசல்களையும் ஒரே நேர்க்கோட்டில் கடந்து போகும். அங்கே வாசலுக்கு மேலுள்ள ஒரு கல்லில் பாம்பணையில் திருமால் பள்ளிகொண்டிருக்கிறார், நம் ரங்கநாதரேதான். 1960-களில் காணாமல் போன அந்தக் கல் அமெரிக்காவில் சிகாகோ அருங்காட்சியகத்தில் இருப்பது தெரிந்து, தாய்லாந்து மக்கள் வருஷக்கணக்கில் போராடி 1988-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். கெமர் காலத்துச் சிற்பத்துக்காகத் தாய்லாந்து மக்கள் அவ்வளவு உருகியிருக்கிறார்கள். அதன் கீழே நின்றபோது அந்தப் பாசம் பொய்யில்லை என்று எனக்குத் தோன்றியது, அதே நேரத்தில் என் கம்போடியத் தோழியின் முகமும் ஞாபகத்துக்கு வந்தது.

ஒரு எச்சரிக்கை. எல்லையை ஒட்டியுள்ள தா முவான் தோம், பிரே விஹியர் கோயில்கள் பக்கம் போகத் திட்டம் போடாதீர்கள். தா முவான் தோமில் பாறையே லிங்கமாக இருக்கிறது, நம் ஊரில் சுயம்பு என்போமே, அது. 2025-இல் துப்பாக்கிச் சூடு நடந்த இடமும் அதுதான். பிரே விஹியர் சிகரேஸ்வரர் கோயில், 1962-இல் சர்வதேச நீதிமன்றம் கம்போடியாவுக்கு என்று தீர்ப்புச் சொன்னது, 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் மறுபடி துப்பாக்கி வெடித்தது. 2025 ஜூலை 28-ஆம் தேதி நம் புத்ராஜெயாவில் உட்கார்ந்துதான் போர் நிறுத்தம் பேசினார்கள், அக்டோபரில் கோலாலம்பூரில் கையெழுத்தும் போட்டார்கள், ஆனாலும் டிசம்பரில் திரும்பவும் சண்டை. தரைவழியாக எல்லையைக் கடக்கும் திட்டம் வேண்டாம், சியம் ரீப்புக்கு விமானத்தில் போங்கள், புறப்படுவதற்கு முன் நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேச்சு ராமாயணத்துக்கு வந்தால் தைரியமாகப் பேசலாம், இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே பேசுவார்கள். தாய்லாந்தில் ராமகியன், கம்போடியாவில் ரியாம்கேர். இரண்டிலும் சேது கட்டும்போது கல் காணாமல் போகிறது, கடலுக்குள் குதித்துப் பார்த்தால் ராவணனின் மகள், பொன்மீன் கன்னி, கல்லைத் தூக்கிக்கொண்டு போகிறாள், அனுமன் அவளைத் துரத்திப் போய்க் காதலில் விழுந்துவிடுகிறான். நம் வீட்டில் அனுமன் பிரம்மச்சாரி என்று நான் சொன்னதும் கேண்டீனே சிரித்தது, இரண்டு மேசையும் சேர்ந்து. இந்தக் கதையை முகமூடி போட்டு ஆடும் தாய் கூத்தின் பெயர் கோன், கெமர் கூத்தின் பெயர் ல்கோன் கோல். இரண்டும் தனித்தனி நாட்டின் பெயரில், 2018-இல் மொரிசியஸில் நடந்த ஒரே யுனெஸ்கோ கூட்டத்தில் பட்டியலில் ஏறின. அது நல்ல முடிவு. ஒன்றுக்கு இடம் கொடுக்க இன்னொன்றைத் தள்ள வேண்டியதில்லை.

குத்துச்சண்டையைப் பற்றி மட்டும் நீங்களாகப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். 2023 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் கம்போடியா "முவே தாய்" என்ற தாய்லாந்துப் பெயருக்குப் பதிலாக "குன் கெமர்" என்று பெயர் வைத்ததால் தாய்லாந்து அந்தப் போட்டிக்கு ஆளே அனுப்பவில்லை. காதில் விழுந்ததை அப்படியே இன்னொருவரிடம் கடத்தவும் வேண்டாம். 2003 ஜனவரியில் ஒரு தாய்லாந்து நடிகை "அங்கோர் எங்களுடையது" என்று சொன்னதாக வந்த வதந்தியால் நோம் பென்னில் தாய்லாந்துத் தூதரகத்தையே எரித்தார்கள்.

நாள் பார்த்துப் பேச்சைத் தொடங்குவதானால், ஏப்ரல் நடுவில் வருவது நமக்குச் சித்திரைப் புத்தாண்டு, தாய்லாந்துக்காரர்களுக்குச் சொங்க்ரான், கம்போடியர்களுக்குச் சோல் ச்னாம் த்மே, சொங்க்ரான் என்பது நம் சங்கராந்திதான். மார்கழியில் நாம் பாடும் திருவெம்பாவையின் பெயரைத் தாங்கி பாங்காக் பிராமணர்கள் "திரியம்பாவை" என்று ஒரு விழா எடுக்கிறார்கள். அதில் 1935 வரை பெரிய ஊஞ்சலும் ஆடினார்கள், ஊஞ்சல் கம்பம் இன்னும் நடுத்தெருவில் சிவப்பாக நிற்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்த நாள் புரட்டாசியில் வருவது. மகாளய பட்சம் 15 நாள், அமாவாசையில் முடியும். கம்போடியர்களுக்கு அதே 15 நாள்தான் ப்சும் பென். விடிவதற்கு முன்னால், இருட்டிலேயே, வீட்டிலிருந்து ஒட்டரிசிச் சோற்றில் எள் கலந்து உருண்டை பிடித்துக் கோயிலுக்கு எடுத்துப் போய், சுற்றி வந்து ஆங்காங்கே போடுவார்கள், பசியோடு அலையும் முன்னோர்களுக்கு. அந்த உருண்டைக்குப் பெயர் "பாய் பென்". பாய் என்றால் சோறு, பென் என்றால் பிண்டம். நம் சொல்லேதான் தேய்ந்து தேய்ந்து பென் ஆகியிருக்கிறது. சுரினில் அதே நாட்களில் "சேன் டோன் தா", பாட்டி தாத்தாவுக்குப் படையல். தெற்குத் தாய்லாந்தில் பத்தாம் மாதத் திருவிழா.

2025 செப்டம்பர் 21, மகாளய அமாவாசை. அப்பாவுக்குக் கொடுத்த பிண்டத்தைத் தங்கை படம் எடுத்திருந்தாள், வாழை இலையில் மூன்று உருண்டை, மேலே கறுப்பு எள், ஓரத்தில் தர்ப்பை. மறுநாள் கேண்டீனில் அந்தப் படத்தைக் கம்போடியத் தோழியிடம் காட்டினேன். அவள் ஃபோனை வாங்கி, பெரிதாக்கி, எள்ளை விரலால் தொட்டுக் காட்டி, "எங்க அம்மாவும் இப்படித்தான்" என்றாள். "உங்க வீட்ல யாருக்கு?" என்று கேட்டாள். அப்பாவுக்கு என்றேன். பக்கத்து மேசையிலிருந்த தாய்லாந்துக்காரரும் எட்டிப் பார்த்தார். அவள் அவரிடம் ஃபோனை நீட்டினாள்.